விஞ்ஞானப் பாடநூல்: உங்கள் பிள்ளைக்குச் சேர வேண்டியது

இலங்கையில் அரச பாடசாலையில் படிக்கும் பிள்ளைக்கு 1ஆம் தரத்திலிருந்து 11ஆம் தரம் வரை பாடநூல் இலவசம். 1980இல் தொடங்கிய திட்டம் இது. தோட்டப் பாடசாலை, டவுன் பாடசாலை என்ற பேதம் இதில் இல்லை. கேட்டு வாங்கக் கூச்சப்படவும் தேவையில்லை.

தவணை தொடங்கியும் விஞ்ஞானப் புத்தகம் கைக்கு வரவில்லையா? முதலில் வகுப்பாசிரியரிடமும் அடுத்து அதிபரிடமும் கேளுங்கள். அங்கேயும் ஆகவில்லையென்றால் வலயக் கல்விப் பணிமனைக்குப் போகலாம். நுவரெலியா மாவட்டத்தில் ஹட்டன், நுவரெலியா, கொத்மலை, வலப்பனை, ஹங்குராங்கெத்த என்று 5 வலயங்கள் உண்டு. புத்தகம் வரும்வரை கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்திலிருந்து அதே நூலைத் தமிழிலேயே காசில்லாமல் இறக்கலாம். லயத்தில் சிக்னல் கிடைக்காதவர்கள் டவுனுக்குப் போகும்போது ஒருமுறை இறக்கிப் போனில் வைத்துக்கொண்டால் போதும். ஆசிரியர்களுக்குத் தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டி இருக்கிறது. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்திலும் தமிழில் பாடங்கள் உண்டு.

புத்தகம் கிடைத்த பிறகும் பலர் தாண்டிப் போய்விடும் பகுதி, ‘செயற்பாடு’ என்று போட்டிருக்கும் இடங்கள். ஆய்வுகூடம் இல்லை என்பதற்காக அவற்றை வாசித்துவிட்டுப் போவது எனக்குப் பெரிய மனவருத்தம். பலவற்றை அடுப்படிப் பொருட்களைக் கொண்டே செய்யலாம்.

நீர் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும் என்று படிக்கிறோம். அது கடல் மட்டத்துக்கு உரிய கணக்கு. நுவரெலியா ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. வளியமுக்கம் குறைவதால் அங்கே 94 பாகை அளவிலேயே நீர் தளதளவென்று கொதித்துவிடும். வெப்பமானி பழுது என்று பிள்ளைகள் நினைத்துவிடாமல் இதைச் சொல்லிக் கொடுங்கள். மேலே பருப்பு அவியக் கூடுதல் நேரம் எடுப்பதும் இதனால்தான். ஆய்வுகூட வெப்பமானியையே பாவியுங்கள். காய்ச்சல் பார்ப்பதைக் கொதிநீரில் வைத்தால் வெடித்துவிடும். பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

தேயிலைக் கொழுந்தும் நல்ல பாடம். பறித்தவுடன் 100 கிராம் நிறுத்து, பேப்பரில் பரப்பி வைத்து, மறுநாள் காலையில் திரும்ப நிறுத்துப் பார்க்கட்டும். குறைந்த எடை முழுவதும் ஆவியாய்ப் போன நீர் என்றே கொள்ளலாம். தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும்போது நடப்பதும் இதுதான். பிள்ளையின் அப்பாவோ அம்மாவோ அங்கே வேலை செய்தால், ஒருநாள் வகுப்புக்கு வந்து அதைச் சொல்லும்படி கேளுங்கள்.