100 கிலோவாட் இணைப்பு இருந்தால் காற்றாலை, சூரிய மின்சாரத்தை நேரடியாக வாங்கலாம்

கூரையில் பேனல் போட இடமில்லாத குளிர்பதனக் கிடங்கும் நூற்பாலையும் மருத்துவமனையும்கூடத் தொலைவில் உள்ள காற்றாலையிலோ சூரிய மின் நிலையத்திலோ மின்சாரம் வாங்கலாம். பொது மின்கட்டமைப்பு வழியாகவே அது வந்து சேரும். இந்த உரிமையைத் தருபவை, மத்திய மின்துறை அமைச்சகம் 2022 ஜூன் 6 அன்று அறிவித்த விதிகள். துறையில் இதை ‘கிரீன் ஓப்பன் ஆக்சஸ்’ என்பார்கள்.

முன்பு 1 மெகாவாட் (1,000 கிலோவாட்) தேவைப்பட்டது. சிறு ஆலைகள் வாசலிலேயே நின்றன. இப்போது ஒப்பந்த மின்தேவை, அதாவது மின் நிறுவனத்துடன் ஒப்புக்கொண்ட உச்ச அளவு, 100 கிலோவாட் போதும். ஒரே மின்கோட்டத்தில் உள்ள உங்கள் இணைப்புகளைக் கூட்டியும் காட்டலாம். தாங்களே பங்கு வைத்துள்ள நிலையத்தின் மின்சாரத்தைப் பயன்படுத்தும் ‘கேப்டிவ்’ நுகர்வோருக்கு இந்த வரம்பே இல்லை. ஆனால் கேப்டிவ் என்றால் நிலையத்தில் 26 சதவீதப் பங்கு, ஆண்டு உற்பத்தியில் 51 சதவீத நுகர்வு இரண்டும் வேண்டும். ஓராண்டு தவறினாலும் அந்த ஆண்டின் மொத்த மின்சாரத்துக்கும் கிராஸ் சப்சிடி சர்சார்ஜ் (மற்ற நுகர்வோரின் கட்டணச் சலுகையை ஈடுகட்ட வசூலிக்கும் கூடுதல் கட்டணம்) விழும். கூட்டாகப் பங்கு வாங்கும் ஆலைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

விண்ணப்பம், தேசிய மின்கட்டமைப்பை இயக்கும் அரசு நிறுவனமான கிரிட் கண்ட்ரோலர் ஆஃப் இந்தியா நடத்தும் இணையதளத்தில். 15 நாளில் முடிவு வராவிட்டால், தொழில்நுட்ப நிபந்தனைகளுக்கு உட்பட்டு, அனுமதி கிடைத்ததாகவே கொள்ளலாம். உங்கள் தரப்பைக் கேட்காமல் மறுக்க முடியாது.

யூனிட் விலையை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். அதற்கு மேல் டிரான்ஸ்மிஷன் (உயர் அழுத்தத் தடத்துக்கு), வீலிங் (உள்ளூர் விநியோகத் தடத்துக்கு), சர்சார்ஜ், பேங்கிங் கட்டணங்கள் வரும். அனுமதி பெற்ற ஆண்டின் கிராஸ் சப்சிடி சர்சார்ஜ், நிலையம் இயங்கத் தொடங்கியதிலிருந்து 12 ஆண்டுகளில் 50 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது என்பது நல்ல பாதுகாப்பு. ஆனால் மத்திய அரசுக்கு இவ்விதிகளை இயற்ற அதிகாரமில்லை என்று கர்நாடக உயர் நீதிமன்றம் 2024 டிசம்பரில் தீர்ப்பளித்தது. ஆகவே உங்கள் மாநில ஒழுங்குமுறை ஆணையத்தின் விதியைத் தனியாகப் படித்துவிடுங்கள்.

பெரும்பாலான கணக்குகள் பிசகுவது பேங்கிங்கில்தான். நிலையம் உற்பத்தி செய்து நீங்கள் பயன்படுத்தாத யூனிட்டுகளை மின் நிறுவனத்திடம் வரவு வைத்துப் பிறகு எடுப்பதே பேங்கிங். விதிப்படி குறைந்தபட்ச உரிமை, மின் நிறுவனத்திடம் மாதம் எடுக்கும் யூனிட்டுகளில் 30 சதவீதம். 40,000 எடுத்தால் 12,000. பசுமை மின்சாரத்தைக் கூட்டக் கூட்ட அந்த 40,000 குறையும், பேங்கிங் வரம்பும் கூடவே சுருங்கும். மாநிலம் மாதக் கணக்கோடு நிறுத்தினால் ஜூலைக் காற்றில் மிஞ்சியதை டிசம்பரில் எடுக்க முடியாது. மிச்சம் காலாவதியாகிவிடும், அதற்கான புதுப்பிக்கத்தக்க மின்சாரச் சான்றிதழும் உற்பத்தியாளருக்கே போகும். ஓப்பன் ஆக்சஸில் எடுக்கும் அளவையும் நினைத்த நேரத்தில் மாற்ற இயலாது. அதிகபட்சம் 12 கால்மணிக் கட்டங்கள், அதாவது 3 மணி நேரம்வரை, ஒரே அளவில் எடுக்கச் சொல்லலாம்.

எனவே ஒப்பந்தத்துக்கு முன் மீட்டரிலிருந்து ஓராண்டின் கால்மணி நேரப் பதிவுகளை வாங்குங்கள். இரவு ஷிஃப்ட் எவ்வளவு இழுக்கிறது, ஞாயிறு பகலில் எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள். சூரிய மின்சாரமென்றால் வேலைநாள் நண்பகல் தேவையோடு நில்லாமல், அந்த ஞாயிறு அளவையும் வைத்தே வாங்கும் கிலோவாட்டை முடிவுசெய்யுங்கள்.