லாரிக்குப் பின்னால் ஒரு தடுப்புக் கம்பி: விதி என்ன சொல்கிறது?

பெரிய கார் வாங்கிவிட்டால் லாரி விபத்தில் தப்பிவிடலாம் என்று நம்புகிறவர்கள் நிறைய. கணக்கு அப்படிச் சொல்லவில்லை. இரண்டு அச்சு லாரி சரக்கோடு 18.5 டன் வரை இருக்கலாம். நிற்கும் அந்த லாரியில் 80 கி.மீ. வேகத்தில் 900 கிலோ கார் மோதினால், இமைக்கும் நேரத்தில் அது இழக்கும் வேகம் சுமார் 76 கி.மீ. 1,800 கிலோ கார் என்றால் சுமார் 73. எடை இரட்டிப்பாகியும் அந்த இழப்பு குறைவது சுமார் 3 கி.மீ.தான்.

இங்கே உயிரைக் காப்பது எடையைவிட உயரம். லாரியின் பின்தளம் காரின் பானட்டுக்கு மேலே இருக்கும். அடியை வாங்கி நசுங்குவதற்கென்றே செய்த முன்பகுதி அதன் கீழே நுழைந்துவிட, கண்ணாடியும் கூரைத் தூண்களும் நேராக இடிபடுகின்றன. கார்களை மோதவிட்டுப் பார்த்து மதிப்பீடு தரும் பாரத் என்கேப் திட்டத்தின் ஐந்து நட்சத்திரமும் இதற்குப் பதில் ஆகாது. அதன் முன்மோதல் சோதனை 64 கி.மீ. வேகத்தில், காரின் முன்பகுதி உயரத்திலேயே உள்ள தடுப்பில் நடப்பது.

அதனால்தான் மத்திய மோட்டார் வாகன விதிகள் 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வாகனங்களுக்குப் பின்பக்கத் தடுப்பையும் பக்கவாட்டுத் தடுப்பையும் கட்டாயமாக்கியுள்ளன. சில வகை வாகனங்களுக்கு மட்டும் விலக்கு. பின்பக்கத்துக்கு ஐ.எஸ். (இந்தியத் தரநிலை) 14812, பக்கவாட்டுக்கு ஐ.எஸ். 14682 தரம். சரக்கில்லாத லாரியில் பின்தடுப்பின் கீழ்விளிம்பு தரையிலிருந்து 550 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது, அதாவது ஏறக்குறைய முழங்கால் உயரம். பைக்கில் போகிறவர் சக்கரத்துக்குள் இழுபடாமல் இருக்கத்தான் பக்கவாட்டுத் தடுப்பு.

பெயின்ட் அடித்த மெல்லிய குழாயை ஒப்புக்கு வெல்டிங் செய்து வைத்தால் அது தடுப்பு ஆகாது. மண் கொட்டும்போது இடிக்கிறது என்று டிப்பரில் கழற்றி வைப்பதும் விதிமீறல்தான். லாரிக்கு எட்டு வயது ஆகும் வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுக்க வேண்டும். அப்போது கண்டிப்பாகப் பார்க்க வேண்டியது இது என்பது என் உறுதியான கருத்து. லாரி உரிமையாளர்களே, அந்தக் கம்பி காப்பது உங்களுக்குத் தெரியாத ஒரு குடும்பத்தை.

இரவில் கண்ணில் பட, பின்னால் சிவப்பு, பக்கத்தில் மஞ்சள், முன்னால் வெள்ளை ஒளிரும் பட்டைகளும் வேண்டும். விளக்கில்லாமல் தேசிய நெடுஞ்சாலையில் லாரி நின்றால் 1033-ஐ அழைத்துச் சொல்லலாம். விபத்தே நடந்துவிட்டால், 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட மத்தியத் திட்டத்தின்படி, குறிப்பிட்ட மருத்துவமனைகளில் விபத்து நாளிலிருந்து 7 நாள் வரை, ஒருவருக்கு ரூ.1.5 லட்சம் வரை கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம்.