அயர்லாந்துப் பிரதமர் ஏன் 'டீஷக்'?

செய்திகளில் அயர்லாந்துப் பிரதமரை 'டீஷக்' என்கிறார்களே, அது பெயரா பதவியா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். பதவிதான். பழைய கெல்டிக் சொல் (ஐரிஷ், வேல்ஸ் மொழிகள் சேர்ந்த குடும்பம் கெல்டிக்). முன்னே நின்று நடத்திச் செல்பவர், தலைவர் என்று பொருள். டி வலேரா ஆட்சியில் வந்த 1937 அரசியலமைப்பு, அரசாங்கத் தலைவருக்கு இதையே பதவிப் பெயராக வைத்தது. துணைப் பிரதமர் 'டானிஷ்டே', அந்தக் காலத்தில் தலைவருக்கு அடுத்து வருவதற்காக முன்கூட்டியே தேர்ந்தெடுக்கப்பட்டவர்.

சரி, எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். கடலுக்கு அந்தப் பக்கம் வேல்ஸில் இளவரசருக்கு 'தவஸோக்' என்று பெயர். (பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்க்கும் அங்கே இதே வேர்ச்சொல்தான்!) டீஷக்கும் தவஸோக்கும் ஒரே சொல் என்றால் நம்ப முடிகிறதா? நடுவில் இருந்த 'வ' ஐரிஷில் உதிர்ந்துவிட்டது, அது எளிது. கடைசி எழுத்துதான் அழகு. வேல்ஸ்காரர்கள் அதை 'தங்கம்' என்பதில் வரும் க போல அதிரச் சொல்கிறார்கள், ஐரிஷ்காரர்கள் ஆய்தம் போலத் தொண்டையில் உரசிச் சொல்கிறார்கள்.

இரண்டுக்கும் பொதுவான மூலச் சொல்லில் அங்கே இருந்தது வல்லின 'க' ('பக்கம்' என்பதில் வருவது), அதுவும் இரண்டு உயிர்களுக்கு நடுவில். உயிரொலிக்குக் குரல் நாண்கள் அதிர வேண்டும், வாய் திறந்திருக்க வேண்டும். நடுவில் ஒரு வல்லின 'க' வந்தால் அந்த ஒரு கணத்துக்கு அதிர்வையும் நிறுத்த வேண்டும், நாக்கின் பின்பகுதியால் காற்றையும் அடைக்க வேண்டும். இரண்டு வேலை. வேல்ஸ் நாக்கு முதல் வேலையை விட்டது, ஐரிஷ் நாக்கு இரண்டாவதை விட்டது. நாம் 'மகன்' என்று வேகமாகச் சொல்லும்போது இரண்டையுமே விட்டுவிடுகிறோம், சொல்லிப் பாருங்கள்.

ஆனால் இன்று அந்த எழுத்து சொல்லின் கடைசியில் அல்லவா இருக்கிறது, பின்னால் உயிரே இல்லையே? அப்படியானால் அங்கே ஓர் உயிர் இருந்து தேய்ந்திருக்க வேண்டும். வேல்ஸில் கிளோகைனோக் என்ற ஊரில் கிடைத்த, சுமார் 1,500 ஆண்டுப் பழைய கல்லில் 'தொவிசாகி' என்று வெட்டியிருக்கிறது: தலைவருடைய கல். லத்தீன் எழுத்திலும், கல்லின் விளிம்பில் கோடு கோடாகச் செதுக்கும் ஓகம் எழுத்திலும். கடைசியில் அந்த 'இ' அப்படியே இருக்கிறது! முதன்முதலில் இதைப் படித்தபோது எனக்குப் புல்லரித்துவிட்டது.

ஓகம் போன்ற செத்த எழுத்தை ஆராய ஏன் அரசுப் பணம் என்று கேட்பவர்களோடு எனக்கு ஒத்துப்போவதே இல்லை. மழையில் நிற்கும் கல்லில் ஒரு கோடு தேய்ந்தாலும் ஓர் எழுத்து போய்விடும், அப்புறம் எவ்வளவு செலவழித்தாலும் வராது. 1940இல், உலகப் போருக்கு நடுவிலும், டி வலேரா டப்ளினில் ஓர் உயராய்வு நிறுவனம் தொடங்கினார். அதில் முதலில் வைத்த துறைகள் இரண்டே: ஷ்ரோடிங்கர் தலைமையில் கோட்பாட்டு இயற்பியல், இன்னொன்று கெல்டிக் ஆய்வு. அயர்லாந்தின் ஓகம் கற்களை முப்பரிமாணத்தில் பதிவுசெய்யும் வேலையைத் தொடங்கியதும் அந்தக் கெல்டிக் துறைதான்.