லைன் வீட்டிலிருந்து லைன் வசூல் வரை

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குள் நின்று கேட்டுப் பாருங்கள். தையல் மிஷின்கள் வரிசையாக ஓடுகிற இடம் லைன், அதைப் பார்த்துக்கொள்கிறவர் லைன் சூப்பர்வைசர், வேலைக்கு வந்தவர்கள் குடியிருப்பது லைன் வீடு. மின்சாரம் நின்றால் "லைன்ல ஃபால்ட்டுங்க", போன் போகவில்லை என்றால் "லைன் கிடைக்கலைங்க", தனக்குத் தெரியாத தொழிலைப் பற்றிக் கேட்டால் "அது நம்ம லைன் இல்லீங்க". இத்தனைக்கும் ஒரே சொல்தான், ஆனாலும் யாரும் குழம்புவதில்லை. அது எப்படி?

முதலில் சொல்லின் கதை. லத்தீனில் லீனும் என்றால் ஆளிச்செடி, அதன் நாரில் திரித்த நூல் லீனியா. அதாவது நம்ம ஊர்ப் பிழைப்பான நூலில்தான் லைனும் பிறந்திருக்கிறது. நூலை இழுத்துப் பிடித்தால் நேர்கோடு கிடைக்கும், கொத்தனார் இன்றைக்கும் அப்படித்தான் நூல் பிடித்துச் சுவர் எழுப்புகிறார். கோட்டின் மேல் ஆட்களையோ வீடுகளையோ வைத்தால் வரிசை. பிரிட்டிஷ் ராணுவ முகாம்களில் சிப்பாய்களின் குடியிருப்பு வரிசைகளுக்கு லைன் என்று பெயர், வால்பாறை எஸ்டேட்டுகளிலும் தொழிலாளர் வீடுகள் லைன்தான். நூல் மாதிரி நீளமாக இழுத்துக் கட்டிய கம்பியும் லைன் ஆனது, முதலில் தந்தி, அப்புறம் போன், மின்சாரம். நேராகப் போகிற பாதை ரயில் லைன் ஆகி, ஒருவர் பிழைப்புக்காகப் போகிற பாதை வரைக்கும் வந்துவிட்டது. ஒவ்வொரு அடியிலும் பழைய பொருளின் ஒரே ஒரு குணம்தான் புதியதற்குப் போகிறது, ஒரு இடத்தில் நீளம், இன்னொரு இடத்தில் நேர், மற்றொரு இடத்தில் இரண்டு முனைகளை இணைப்பது.

சரி, மூளை இதை எப்படிப் பிரிக்கிறது? 1979-ல் மொழி உளவியல் ஆய்வாளர் டேவிட் ஸ்வின்னி வெளியிட்ட சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. ஆங்கிலத்தில் பக் என்றால் பூச்சி, ஒட்டுக்கேட்கும் கருவி, இரண்டும்தான். அறை மூலையில் சிலந்தி, கரப்பான், இன்னும் பல பக் இருந்தன என்ற வாக்கியத்தைக் கேட்கவைத்து, அந்தச் சொல் காதில் விழுந்த அதே நேரத்தில் திரையில் ஒரு எழுத்துக்கூட்டத்தைக் காட்டி, இது உண்மையான சொல்லா என்று கேட்டார்கள். பூச்சியோடு சேர்ந்த எறும்பு, ஒட்டுக்கேட்பதோடு சேர்ந்த உளவாளி, இரண்டு சொற்களையுமே சம்பந்தமில்லாத சொல்லைவிட ஆட்கள் வேகமாக அடையாளம் கண்டார்கள். சிலந்தியும் கரப்பானும் முன்னாலேயே வந்துவிட்ட பிறகும் ஒட்டுக்கேட்கும் கருவி என்ற அர்த்தமும் உள்ளே விழித்திருக்கிறது! மூன்று அசை கழித்துக் காட்டியபோது எறும்புக்கு மட்டும்தான் அந்த வேகம். ஆக, சூழல் கதவை முன்கூட்டியே அடைப்பதில்லை, எல்லாப் பொருளையும் உள்ளே விட்டு, கண் இமைக்கும் நேரத்தில் வேண்டாததை வெளியே அனுப்புகிறது.

எல்லாப் பலபொருள் சொல்லும் ஒரே ரகமில்லை. பேட் என்றால் வௌவால், கிரிக்கெட் மட்டையும் பேட்தான், ஆனால் இரண்டுக்கும் எந்த உறவும் கிடையாது, ஒலி மட்டும் தற்செயலாக ஒன்றாகிவிட்டது. லைன் அப்படியில்லை, அதன் பொருள்கள் எல்லாம் பங்காளிகள். இந்த வேறுபாடு மூளைக்கும் தெரிகிறது. 2002-ல் உளவியல் ஆய்வாளர் ஜெனிஃபர் ராட் குழுவினர் சோதித்தபோது, உறவுள்ள பல பொருள்கள் கொண்ட சொற்களை மக்கள் வேகமாக அடையாளம் கண்டார்கள், உறவில்லாத பொருள்கள் கொண்டவை தாமதப்படுத்தின.

புழங்கப் புழங்கப் பொருளும் பெருகும். ஒரு சொல்லின் பொருள் எண்ணிக்கை, அது புழங்கும் அளவின் வர்க்கமூலத்தை ஒட்டி வளர்கிறது என்று அமெரிக்க மொழியியலாளர் ஜார்ஜ் ஜிப்ஃப் 1945-ல் காட்டினார், நான்கு மடங்கு புழங்கினால் ஏறத்தாழ இரண்டு மடங்கு பொருள்.

ஆங்கிலத்தில் கவிதை வரியும் லைன், நடிகர் பேசும் வசனமும் லைன். அவை இரண்டும் நம் பேச்சில் ஒட்டவில்லை, வரி, வசனம் என்று நம்மிடமே சொல் இருந்தது. அதற்குப் பதிலாகக் கரூர், நாமக்கல் பக்கம் லைன் தானாக ஒரு கிளை விட்டிருக்கிறது. வட்டிக்குக் கொடுத்த பணத்தை ஊர் ஊராகப் போய் வாங்குவது அங்கே லைன் வசூல், "இன்னைக்கு எந்த லைனுங்க?" என்றால் இன்றைக்கு எந்தப் பக்கத்து ஊர்களுக்குப் போகிறீர்கள் என்று அர்த்தம்.