கொலிஸ்டின் எழுதியிருக்கிறார்கள் என்றால்...

நோயாளியின் கிருமியை வளர்த்து எந்த ஆன்டிபயாடிக் கேட்கும் என்று சொல்லும் கல்ச்சர் ரிப்போர்ட்டில், மெரோபெனம் போன்ற வலுவான மருந்து உட்பட வரிசையாக ‘ஆர்’ (ரெசிஸ்டன்ட், அதாவது கிருமி மசியாது) விழுந்து, கடைசியில் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக் ஒன்று மட்டும் மிஞ்சுவது இப்போதெல்லாம் எங்கள் ஆய்வகத்தில் அபூர்வமில்லை. ஐசியு வாசலில் காத்திருக்கும் உறவினர்கள் அந்தத் தாளை போட்டோ எடுத்துக்கொண்டு வந்து கேட்பார்கள்: “புது மருந்தா டாக்டர்? பவர் ஜாஸ்தியா?”

புதுசு இல்லை. 1940களின் கடைசியில் ஜப்பானில், மண்ணில் வாழும் பேசில்லஸ் வகை பாக்டீரியாவிடமிருந்து பிரித்தெடுத்தது. ஐம்பதுகளில் சிகிச்சைக்கு வந்தது. சிறுநீரகத்தையும் நரம்பையும் பதம் பார்க்கிறது என்று எழுபதுகளில் ஓரங்கட்டினார்கள். அதைவிடப் பத்திரமான மருந்துகள் அப்போது கைவசம் இருந்தன. அவற்றுக்கெல்லாம் க்ளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர் என்ற பாக்டீரியாக்கள் டேக்கா கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் இந்தப் பழைய குப்பியைத் தூசி தட்டி எடுத்தோம்.

கொலிஸ்டின் மூலக்கூறில் பத்து அமினோ அமிலங்கள். ஏழு வளையமாகக் கோத்திருக்கும், மூன்று வெளியே நீண்டு, அதன் நுனியில் ஒரு கொழுப்பமிலம். திறந்த முனை இல்லாததால், புரதத்தை நுனியிலிருந்து அரிக்கும் நொதிகளிடம் இது எளிதில் சிக்காது. க்ளெப்சியெல்லா போன்றவை கிராம் நெகட்டிவ் வகை, அதாவது வெளியே கூடுதலாக ஒரு சவ்வு கொண்டவை. அந்த வெளிச்சவ்வில் லிப்பிட் ஏ என்ற மூலக்கூறு எதிர்மின்சுமையோடு இருக்கும். கால்சியமும் மக்னீசியமும் அதை ஈடுகட்டிச் சவ்வை இறுக்கிப் பிடித்திருக்கும். நேர்மின்சுமை கொண்ட கொலிஸ்டின் அந்த இரண்டையும் தள்ளிவிட்டு இடத்தைப் பிடிக்கும், கொழுப்பு வால் உள்ளே நுழையும், சவ்வு குலைந்து கிருமி சாகும்.

இதைக் கிருமி சமாளிக்கும் விதமும் அதே மின்சுமைக் கணக்குதான். லிப்பிட் ஏ மீது வேறொரு மூலக்கூறை ஒட்டவைத்து எதிர்மின்சுமையைக் குறைத்துவிட்டால் கொலிஸ்டினுக்குப் பிடிமானம் போய்விடும். இந்த வேலையைச் செய்யும் எம்.சி.ஆர்-1 மரபணு, ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடிய பிளாஸ்மிட் என்ற சிறு டிஎன்ஏ துண்டில் இருக்கிறது என்று 2015 நவம்பரில் சீனாவிலிருந்து அறிக்கை வந்தது. பன்றிகளில், கடை இறைச்சியில், நோயாளிகளில் என மூன்றிலும் பார்த்திருந்தார்கள். காரணம் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. விலங்குகள் சீக்கிரம் எடை போடட்டும் என்று தீவனத்தில் கலந்த மருந்து அது. இந்தியாவில் கோழி, மீன் உள்ளிட்ட உணவுக்கான உயிரினங்களுக்குக் கொலிஸ்டின் தயாரிப்பதையும் விற்பதையும் 2019 ஜூலையில் மத்திய அரசு தடை செய்தது. அந்த உத்தரவு பத்து வருடமாவது முன்னால் வந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இனி ரிப்போர்ட்டைப் பற்றி. மற்ற ஆன்டிபயாடிக்குகளுக்கு மருந்து தோய்த்த சிறு காகித வட்டை, கிருமி பரப்பிய அகார் (ஜெல்லி போன்ற ஊடகம்) தட்டில் வைத்து, சுற்றிலும் கிருமி வளராத வட்டத்தை அளக்கலாம். கொலிஸ்டினுக்கு அது சரிவராது; பெரிய மூலக்கூறு, அகாரில் ஒழுங்காகப் பரவாது. சிறு குழிகள் கொண்ட தட்டில் ஒரு மில்லிலிட்டருக்கு 0.25, 0.5, 1, 2, 4 மைக்ரோகிராம் என்று மருந்தை இரட்டித்துக்கொண்டே போய், ஒவ்வொரு குழியிலும் கிருமியை விட்டு, ஓர் இரவு இன்குபேட்டரில் வைக்க வேண்டும். காலையில் கலங்கிய குழிகள் தாண்டி முதல் தெளிந்த குழி எது என்று பார்க்கிறோம். ஆய்வகப் பரிசோதனைகளுக்குத் தரம் வகுக்கும் அமெரிக்காவின் சி.எல்.எஸ்.ஐ. விதிமுறையில் 2020 முதல் இந்த மருந்துக்கு ‘எஸ்’ (மருந்து நன்றாகக் கேட்கும்) என்ற வகையே கிடையாது: அந்தக் குழியின் அளவு 2 அல்லது அதற்குக் கீழே என்றால் ‘ஐ’ (இடைநிலை), 4 அல்லது அதற்கு மேலே ‘ஆர்’. நல்ல ரிப்போர்ட்டிலும் ‘ஐ’தான் வரும். வட்டு முறையில் பார்த்து ‘எஸ்’ போட்ட தாளோடு வேறிடத்திலிருந்து நோயாளி வந்தால் நாங்கள் மறுபடி செய்துதான் சொல்கிறோம்.

டோஸ் இன்னொரு தலைவலி. 10 லட்சம் யூனிட் என்பது சுமார் 80 மில்லிகிராம் கொலிஸ்டிமெத்தேட், அதாவது ஊசியில் ஏற்றும் வடிவம். உடலில் அது மாறித் தரும் கொலிஸ்டினாகக் கணக்கிட்டால் சுமார் 33 மில்லிகிராம். எந்த மில்லிகிராம் என்று தெளிவில்லாமல் எழுதினால் டோஸ் இரண்டரை மடங்கு மாறிவிடும். அதனால் யூனிட்டில் எழுதச் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். சிறுநீரகக் குழல் செல்கள் இந்த மருந்தை உறிஞ்சிச் சேர்த்துவைப்பதால், சிறுநீரகம் பழுதானால் ரத்தத்தில் கூடும் கிரியாட்டினின் ஏறலாம். பலருக்கு மருந்தை நிறுத்தியபின் இறங்கிவிடும். நோயாளியின் வீட்டார் “இன்னைக்கு கிரியாட்டினின் எவ்வளவு?” என்று தினமும் கேட்பதில் தப்பே இல்லை.

இதேபோல் அமினோ அமிலங்களை வளையமாகக் கோத்த வேறு ஆன்டிபயாடிக்குகளும் (வளைய பெப்டைடுகள்) உண்டு. டாப்டோமைசின், துருக்கியின் அராராத் மலை மண்ணில் கிடைத்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பாக்டீரியா தந்தது; 2003இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ரத்தத்தில் பரவிய ஸ்டாஃப் கிருமிக்கு அருமையான மருந்து. நிமோனியாவுக்கு உதவாது, நுரையீரலின் காற்றறைகளில் படிந்திருக்கும் சர்ஃபாக்டன்ட் என்ற வழவழப்புப் பொருள் அதைப் பிடித்துக்கொள்ளும். 2015இல் பரபரப்பாகப் பேசப்பட்ட டெய்க்ஸோபாக்டின் கிராம் நெகட்டிவின் வெளிச்சவ்வைத் தாண்டாது. 2019இல் வந்த டாரோபாக்டின் தாண்டத் தேவையில்லாமல் அந்தச் சவ்விலேயே தாக்குகிறது என்பதால் எனக்கு அதன்மேல் ஒரு கண். ஆனால் இன்று ஐசியுவில் படுத்திருப்பவருக்கு அதை ஏற்ற முடியாது.

கையில் இருப்பதை வீணாக்கும் இடங்கள் இரண்டை அடிக்கடி பார்க்கிறேன். ஒன்று, சிறுநீர் வடிகுழாய் போட்ட முதியவர்: காய்ச்சல் இல்லை, வலி இல்லை, கல்ச்சரில் மட்டும் க்ளெப்சியெல்லா. குழாயில் குடியேறிய கிருமி அது. பெரும்பாலும் மருந்தே தேவைப்படாது. குழாயை எடுத்துவிடலாமா என்று கேளுங்கள். இன்னொன்று, குழந்தையின் வயிற்றுப்போக்குக்குக் கொலிஸ்டின் சிரப். குடலிலிருந்து அது ரத்தத்துக்குப் போகாது. ரோட்டா போன்ற வைரஸை ஒன்றும் செய்யாது. குடலில் இருக்கும் பாக்டீரியாவுக்கு மருந்தைப் பழக்கிக் கொடுப்பதுதான் மிச்சம். சாதாரண நீர்ப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ்., 14 நாள் ஜிங்க். ரத்தம் போனாலோ குழந்தை சோர்ந்து கிடந்தாலோ கடைக்குப் போகாமல் நேரே குழந்தை மருத்துவரிடம் போங்கள்.