காபனதைற்று: நெருப்பில் பிறந்த சுண்ணாம்புக்குத் தமிழில் என்ன பெயர்?

மட்டக்களப்பாருக்குச் சுண்ணாம்பு என்பது கடலோடு சேர்ந்த பொருள். வெற்றிலை வட்டாவில் இருந்ததும் பழைய வீட்டுச் சுவரில் பூசியதும், முருகைக்கல்லையோ சிப்பியையோ சூளையில் சுட்டு எடுத்த சுண்ணாம்புதான். பூமியின் ஆழத்திலிருந்து உருகிய குழம்பாக மேலெழுந்து இறுகிய பாறையொன்றிலும் பாதிக்கு மேல், சுண்ணாம்புக் கல்லில் உள்ளவை போன்ற காபனேற்றுக் கனியங்களே உள்ளன என்றால் நம் ஊரில் எளிதில் நம்பமாட்டார்கள். அந்தப் பாறையே காபனதைற்று. தமிழ்நாட்டு நூல்களில் இதனைக் கார்பனடைட் என்று எழுதுவர்.

புவியியலாளரும் தொடக்கத்தில் இதை நம்பத் தயங்கினர். நோர்வேயின் பென் என்னும் இடத்துப் பாறைகளை ஆராய்ந்த புவியியலாளர் புரோகர் 1921இல் இப்பெயரைச் சூட்டிய பின்னரும், சுண்ணாம்புக் கல் குழம்பாக உருகி வரமுடியுமா என்ற வாதம் நெடுங்காலம் நீடித்தது. தன்சானியாவின் ஒல்டொய்ன்யோ லெங்காய் எரிமலை 1960இல் கக்கிய குழம்பு சோடியம் மிகுந்த காபனேற்று என்று அறியப்பட்டதும் ஐயம் பெரிதும் நீங்கியது. வழக்கமான எரிமலைக் குழம்பு 1000 பாகைக்கு மேல் கொதிக்கையில் இது 500 முதல் 600 பாகை வெப்பத்திலேயே ஓடும். கரும்பழுப்பு நிறத்தில் வெளிவந்து, ஈரம் பட்டுச் சில நாட்களில் வெளுத்துவிடும்.

சொல்லின் வேர் இலத்தீன் மொழியில் அடுப்புக்கரியைக் குறிக்கும் ‘கார்போ’. நம் ‘கரி’யோடு அது ஒலியால் ஒத்திருப்பதைக் கண்டு உறவு கொண்டாட மனம் அவாவும், ஒலி ஒற்றுமை மட்டும் உறவுக்குச் சான்றாகாது. ஈற்றில் வரும் ‘ஐற்று’, கல்லையும் கனியத்தையும் குறிக்கும் கிரேக்க விகுதியின் இலங்கைத் தமிழ் வடிவம்.

பெரும்பாலான காபனதைற்றுகளில் கல்சைற்று அல்லது தொலமைற்று என்னும் காபனேற்றுக் கனியம் மிகுந்திருக்கும். சிலிக்கா நூற்றுக்கு 20 பங்கிற்கும் குறைவு. ஆனால் இப்பாறையைத் தேடி உலகம் அலைவது அவற்றுக்காக அன்று. பிரேசிலின் அரசாவில் நயோபியம் என்னும் உலோகத்தைத் தரும் பைரோகுளோர்க் கனியமும், கலிபோர்னியாவின் மவுண்டன் பாசில் அருமண் உலோகங்கள் தரும் பாஸ்ட்னசைற்றுக் கனியமும் இதிலேயே கிடைக்கின்றன. தமிழ்நாட்டில் திருப்பத்தூரை அடுத்த சேவத்தூரிலும் காபனதைற்று உண்டு.

நமக்கு நெருக்கமான துணைக் கனியம் அப்பதைற்று, அதாவது பொசுபேற்றுக் கல். வேறு கனியங்களோடு மயங்க வைப்பதால், ‘ஏமாற்று’ என்னும் கிரேக்க வினையிலிருந்து 1786இல் செருமானியக் கனியவியலாளர் வேர்னர் அதற்குப் பெயரிட்டார். அனுராதபுர மாவட்டத்து எப்பாவலையில் 1971இல் கண்டறியப்பட்ட படிவு இதுவே. அதன் தாய்ப்பாறை காபனதைற்றா, உருமாறிய சலவைக்கல்லா என்பதில் ஆய்வாளர் இன்னும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. அந்தக் கல்லை அரைத்த தூள் மெல்லக் கரைவதால் தேயிலை, தென்னை போன்ற நீண்டகாலப் பயிர்களுக்கு ஏற்றது. மூன்று நான்கு மாதத்தில் வெட்டிவிடும் நம் நெல் வேளாண்மைக்கு அது சரிவராது. ஆகவேதான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரை வயல்களுக்கு அமிலத்தில் பதப்படுத்தி எளிதில் கரையச் செய்த ரீ.எஸ்.பி. என்னும் பொசுபேற்றுப் பசளையை மூட்டை மூட்டையாகக் கொண்டுபோகிறார்கள்.

இனித் தமிழ்ப் பெயர். ‘சுண்ணாம்புப் பாறை’ என்று எழுதுவது எனக்கு உடன்பாடன்று. முருகைக்கல்லை இடித்த தூளில் தேசிக்காய்ப் புளியைச் சொட்டினால் சிறு குமிழ்கள் எழும்; கல்சைற்று மிகுந்த காபனதைற்றின் தூளும் அதைப்போலவே நுரைக்கும், சலவைக்கல்லின் தூளும் நுரைக்கும். சோதனை மூன்றையும் ஒன்றாகக் காட்டுகிறது. பெயரும் அதையே செய்தால் வாசிப்பவர் கடலடியில் படிந்த கல் என்றே எண்ணிக்கொள்வார். ‘கரிமப் பாறை’ நிலக்கரியை நினைவூட்டும். ஆகவே பிறப்பையும் சேர்மத்தையும் சேர்த்துச் சொல்லும் ‘காபனேற்றுத் தீப்பாறை’ என்பதே பொருத்தம். கட்டுரையில் முதன்முறை வரும்போது ‘காபனேற்றுத் தீப்பாறையாகிய காபனதைற்று’ என்று இரண்டையும் சேர்த்து எழுதி, பின்னர் தமிழ்ப் பெயரையே தொடரலாம். கல்சைற்று வகைக்குரிய சோவைற்று என்ற பெயரை மட்டும் அப்படியே விட்டுவிடவேண்டும். அது பென் பகுதியிலுள்ள சோவே என்ற இடத்தின் பெயர்.