அகாதமி: சொல் விளக்கம்

நீட் பயிற்சிக்கு அகாதமி, கராத்தேக்கு அகாதமி, கிரிக்கெட்டுக்கும் அகாதமி. தமிழ்நாட்டுப் பெயர்ப்பலகைகளில் இச்சொல்லுக்குக் கற்றுக்கொடுக்கும் இடம் என்பதே பொருள். அதனால் ‘அமெரிக்க தேசிய அறிவியல் அகாதமி அறிக்கை’ என்று செய்தி வந்தால், ஏதோ ஒரு கல்லூரியின் ஆய்வு என்று நினைத்துவிடுகிறோம். அங்கே வகுப்பும் கிடையாது, மாணவரும் கிடையாது.

பிறப்பு. ஏதென்ஸ் நகர்ச் சுவருக்கு வெளியே அகாதெமோஸ் என்ற தொன்ம வீரனின் பெயர் கொண்ட தோப்பு ஒன்று இருந்தது. கி.மு. 387ஐ ஒட்டி பிளேட்டோ அங்கே கற்பிக்கத் தொடங்க, இடத்தின் பெயர் பள்ளிக்கு ஆகிவந்தது. இத்தாலியில் மறுமலர்ச்சிக் காலத்தில் பொருள் மாறி, கற்றவர் கூடும் குழு என்றாயிற்று. ரோமில் 1603இல் தோன்றிய லின்சேய் அகாதமியில் 1611இல் கலிலியோ சேர்ந்தார். பாடம் கேட்க அல்ல. பாரிஸில் 1666இல் பிரெஞ்சு மன்னரின் அமைச்சர் கோல்பேர் நிறுவிய அறிவியல் அகாதமியில் அறிஞர்களுக்கு மன்னரே ஊதியம் தந்தார். புதுப் பொறிகளுக்கு உரிமம் கேட்டு வரும் மனுக்களை ஆராய்ந்து சொல்வதும் பின்னாளில் அதன் வேலையாயிற்று. அரசு கேட்க அறிஞர் பதில் சொல்லும் வழக்கம் அங்கே உருப்பெற்றது.

இன்றைய பொருள். இதைச் சட்டமாகவே எழுதிவைத்தது அமெரிக்கா. உள்நாட்டுப் போரின் நடுவே, 1863 மார்ச் 3 அன்று அதிபர் லிங்கன் கையெழுத்திட்ட தேசிய அறிவியல் அகாதமியின் சாசனத்தில் 50 பேர் நிறுவன உறுப்பினர்கள். எந்த அரசுத் துறை கேட்டாலும் ஆராய்ந்து அறிக்கை தர வேண்டும். ஆன செலவை அரசு கொடுக்கும். உழைப்புக்குக் கூலி கிடையாது. முதலில் வந்த கேள்விகள் நாணயம், எடை, அளவை பற்றியவை. இரும்புக் கப்பலில் திசைகாட்டி முள் பிசகுவதை எப்படிச் சரிசெய்வது என்பதும் அவற்றுள் ஒன்று.

கேள்வி வந்ததும் முதல் வேலை, பணி வரையறையை, அதாவது எதை ஆராய வேண்டும், எதை வேண்டாம் என்பதை எழுதுவது. பிசகு பெரும்பாலும் இங்கேதான் நேர்கிறது. வரையறை குறுகினால் பணம் தரும் துறைக்கு வேண்டிய விடை முன்பே உள்ளே வந்துவிடும். விரிந்தால் அறிக்கை எதையும் உறுதியாகச் சொல்லாது. அடுத்து, ஊதியமில்லாத வல்லுநர் குழு. அகாதமி உறுப்பினர்கள்தாம் அதில் இருக்க வேண்டும் என்பதில்லை. பெயர்ப்பட்டியலை 20 நாள் பொதுவில் வைத்துக் கருத்துக் கேட்கிறார்கள். தன்னல முரண் உள்ளவர், அதாவது முடிவால் சொந்த லாபம் அடையக்கூடியவர், பொதுவாக விலக வேண்டும். தகவல் திரட்டும் கூட்டம் திறந்த கதவு, முடிவெடுக்கும் கூட்டம் மூடிய கதவு. வரைவு, பெயர் மறைத்த வெளி மதிப்பீட்டாளர்களிடம் போகும். பணம் தந்த துறைக்கு அது வெளிவருமுன் திருத்தும் உரிமை இல்லை. இத்தனையும் முடிய ஓராண்டுக்கு மேல் ஆகிவிடுவது சாதாரணம். அதற்குள் முடிவெடுக்க வேண்டிய அமைச்சருக்கு இது உதவாது என்ற குறை நியாயமானதே.

காற்றில் கரியமில வாயு இரட்டித்தால் புவி ஏறத்தாழ 3 டிகிரி செல்சியஸ் சூடாகும், கூடுதல் குறைவு 1.5 டிகிரி என்று 1979இல் வானிலை அறிஞர் சார்னி தலைமையிலான குழு சொன்னது இந்த ஏற்பாட்டின் வழியாகத்தான். அரசு அதை ஏற்றாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

எல்லா நாட்டிலும் இதே பொருள் அல்ல. 1724இல் பீட்டர் மன்னர் தொடங்கிவைத்த ரஷ்ய அகாதமி, சோவியத் காலத்தில் ஆய்வுக்கூடங்களைத் தானே நடத்தும் பெரு நிறுவனமாக இருந்தது. 2013இல்தான் அவை கைமாறின.

தமிழில் எது? ‘கழகம்’ என்பதே பெருவழக்கு. பழைய தமிழில் அது சூதாடும் இடத்தையும் குறித்தது (குறள் 935, 937). இன்றோ காதில் முதலில் விழுவது கட்சி, அடுத்தது போக்குவரத்து. ‘பேரவை’ சட்டமன்றத்துக்குப் போய்விட்டது. ‘சங்கம்’ என்றால் சந்தா கட்டி எவரும் சேரலாம் என்று தோன்றும்; அகாதமியிலோ இருப்பவர் தேர்ந்தெடுத்தால்தான் புதியவர் நுழைய முடியும். ஆகவே பொதுப்பெயராக ‘அறிவியலறிஞர் அவை’ பொருந்தும். இலங்கை வழக்கில் ‘விஞ்ஞானிகள் அவை’ எனலாம். நிறுவனப் பெயராக ஏற்கெனவே ‘கழகம்’ என்று வழங்குவதை மாற்றத் தேவையில்லை.

அவை தரும் கருத்தை ‘அறிவுரை’ என்றால் ஒழுக்கம் போதிப்பதாக ஒலிக்கிறது. ‘ஆலோசனை’ எல்லாருக்கும் புரியும். தனித்தமிழ் வேண்டுவோருக்கு இலங்கையில் புழங்கும் ‘மதியுரை’ நல்ல சொல்.

அரசுக்குள்ளேயே அமரும் அமைப்பை மட்டும் ‘அவை’ என்று எழுத வேண்டாம். ஸ்புட்னிக் பறந்த 1957இல் வெள்ளை மாளிகைக்குள் அமைந்தது அறிவியல் ஆலோசனைக் ‘குழு’. அதன் உறுப்பினரான இயற்பியலறிஞர் கார்வின், ஒலியைவிட வேகமாகப் பறக்கும் பயணி விமானத் திட்டத்தை வெளிப்படையாக எதிர்த்தார். அதிபர் நிக்சன் 1973இல் குழுவையே கலைத்தார். சாசனத்தால் நிற்கும் அவையை அப்படி ஒரே நாளில் கலைக்க முடியாது. இந்தியாவில் 1999இல் அப்துல் கலாம் முதலில் வகித்தது இன்னொரு வகை. அது தனியொருவர் பதவி. ‘முதன்மை அறிவியல் ஆலோசகர்’ என்பதே சரி.